பாடகரின் பயணமும் தோட்டத்துத் தப்பும்

யாழ்ப்பாணத்தின் பெயர்க்கதையே ஊர் சுற்றி வந்த ஓர் இசைவாணனின் கதைதான். சோழ நாட்டிலிருந்து வந்த பார்வையற்ற பாணன் ஒருவன் யாழ் மீட்டி அரசனை மகிழ்வித்தான் என்றும், மணற்றிடர் என்ற வெற்று நிலத்தைப் பரிசிலாகப் பெற்றுத் தன் சுற்றத்தாரை அங்கே குடியேற்றினான் என்றும் கர்ணபரம்பரைக் கதை கூறும். வரலாற்றறிஞர் இதனை ஏற்பினும் மறுப்பினும், பாட வந்தவனுக்கு மண் கிடைத்தது என்ற செய்தி நம் மனத்தை உறுத்துகிறது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு உழைக்க வந்தவரும் வெறுங்கையோடு வரவில்லை. தப்பையும் கூத்தையும் தோளில் சுமந்தே வந்தனர். அவர்களுக்கு மண் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும் மறுத்தது.

கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2011 முதல் 2013 வரையான காலத்தில் வட இலங்கையில் ஆற்றிய பணியை இந்தப் பின்னணியிலேயே மதிப்பிட விரும்புகிறோம். யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். முள்வேலி முகாம்களின் நினைவு ஆறாத அந்த மண்ணில், மூன்று தசாப்தங்களின் பின் சுற்றுப்பயணம் செய்த முதற் கர்நாடக இசைக் கலைஞர் அவரே என, 2016இல் மகசேசே விருது வழங்கியோர் குறிப்பிட்டனர். அவர் இரு கலைவிழாக்களைத் தொடக்கியதையும் பண்பாட்டை மீட்டு உயிர்ப்பிக்கும் பணி எனப் போற்றினர். பலர் வரத் தயங்கிய இடத்திற்கு ஒருவர் வந்து பாடியது பெருஞ்செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் ‘மீட்டல்’ என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிடுவதற்கில்லை. யாழ்ப்பாணம் இசைக்காக வெளியாரை எதிர்பார்த்து ஏங்கிக் கிடந்த ஊரா? இணுவிலும் அளவெட்டியும் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன கிராமங்கள். விசுவலிங்கத்தின் மகன் தட்சிணாமூர்த்தி 1975இல் மறையும் முன்னரே, தமிழ்நாட்டு வித்துவான்களைத் தம் தவிலால் வியக்க வைத்தவர். 2003 வரை வாழ்ந்த அளவெட்டி என்.கே.பத்மநாதனின் நாதசுரத்தைக் கேளாத கோயில் வீதி யாழ்ப்பாணத்தில் அரிது. மகாராஜபுரம் சந்தானமோ ஒரு கச்சேரி செய்துவிட்டுக் கப்பலேறியவர் அல்லர். மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அக்காலத்துப் போக்குவரத்து இருவழிப் பாதை. கொடுப்பவர் கொள்பவர் என்ற பிரிவு அதில் இல்லை. யுத்தம் அறுத்தது அந்தப் பாதையையே. அறுந்த பாதையைச் செப்பனிட வந்தவரைப் புத்துயிர் அளிக்க வந்தவராகக் காட்டுவது, யுத்த காலத்திலும் தவிலைக் கீழே வைக்காத கலைஞருக்குச் செய்யும் அநீதியன்றோ?

இன்னொரு வினாவும் உண்டு. யாருடைய பண்பாடு மீட்கப்பட்டது? நல்லிசைக்குப் பெயர்பெற்ற அதே குடாநாட்டில், மாவிட்டபுரம் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் 1968இல் உள்நுழையப் போராட வேண்டியிருந்தது. சாவீட்டில் பறை அடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கடமையாயிருந்தது. அந்தக் கடமையை உதறியெறிந்தோரும் உண்டு. வன்னியை எடுத்துக்கொள்வோம். 1977 கலவரத்தில் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டுக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போனவர் நம் உறவினர். மாண்ட தமிழருக்குள் அவர்களும் அடக்கம். மீண்ட பண்பாட்டுக்குள் அவர்களின் கூத்துக்கு இடம் எது?

இவ்வினாக்களைக் கிருஷ்ணா அறியாதவர் என்று கூறமாட்டோம். சென்னை மார்கழிப் பருவத்தில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தார். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் குடியிருப்பில் கச்சேரியும் பறையும் கட்டைக்கூத்தும் ஒன்றாய் நிகழும் விழாவுக்குத் துணைநின்றார். மிருதங்கத்திற்குத் தோல் பதப்படுத்தி வார் பிடிக்கும் தாழ்த்தப்பட்ட கைவினைஞரைப் பற்றி 2020இல் ஒரு நூல் எழுதினார். அதன் வெளியீட்டுக்குத் தந்த இடத்தைக் கலாக்ஷேத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்கே வலித்ததென்று அதிலேயே தெரிந்துவிட்டது! சுருதி சுத்தமான சபைகளுக்கு மாட்டுத்தோலின் பெயர்தான் அபசுரம் போலும். குப்பத்துக் கிருஷ்ணா, யாழ்ப்பாணத்துக் கிருஷ்ணாவை விட நமக்கு நெருக்கமானவர். முன்னவர் கொடுக்க வந்தார். பின்னவர் கேட்கவும் கற்றார்.

எனினும் பறையை மேடையேற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? தோட்டத்தில் அதிகாலையில் பிரட்டுக்கு ஆளழைத்ததும் தப்பு. பிணத்துக்கு முன் சென்றதும் தப்பு. மாசியில் காமன் கூத்தை ஆட்டுவிப்பதும் தப்பு. துரையின் ஏவலும் சாதியின் இழிவும் தொழிலாளியின் களிப்பும் ஒரே தோலில் ஒலித்தன. இதில் எதைக் கலை என்று பிரித்தெடுப்பது? நம் வகுப்பில் தப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கின்றனர். பாட்டன் வாசித்ததைச் சொல்ல அவர்கள் நாணுகின்றனர். நகரத்துப் பார்வையாளர் கைதட்டுவதற்காக அதை மீண்டும் கையிலெடு என்று அப்பிள்ளையிடம் கூற நமக்கு வாய் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம்; அதைப் படிக்கும் பிள்ளை, தன் லயத்தில் ஒலிப்பது இசையே அன்று என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறது. முதலில் திருத்தப்பட வேண்டியது அம்முடிவு. மேடை பிறகு வரட்டும்.

தோட்டங்களுக்கும் ஒரு பாடகி வந்ததுண்டு. கோ.நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளரின் அவலத்தைப் பாட்டாக்கித் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். அவருக்குச் சபா தேவைப்படவில்லை, விருதும் வரவில்லை. தொழிலாளர் தாமே பாடியவற்றைப் பின்னாளில் சி.வி.வேலுப்பிள்ளை திரட்டி நூலாக்கினார். இசை விமரிசகர் எத்தனை பேர் அந்நூலைப் புரட்டியிருப்பர்?

சென்னையிலிருந்து இனி வரும் பாடகர் யாழ்ப்பாணத்துக்குச் செல்லட்டும், தடையில்லை. திரும்புகையில் கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்து, எட்டியாந்தோட்டைக்கோ இரத்தினபுரிக்கோ செல்லும் பேருந்தில் ஏறட்டும். மாசி மாதமாயின் நலம். தம்பூராவைக் கொழும்பிலேயே விட்டுவரலாம். காமன் கூத்து விடியும்வரை நடக்கும், ஆதலால் கம்பளி ஒன்று மட்டும் கொண்டுவரச் சொல்வோம்.