மேடையும் பிரதிவாதியும்

தன்னம்பிக்கைப் பிரசங்கம் என்று ஒரு தனி இலக்கிய வகையே இன்று தமிழில் உருவாகியிருக்கிறது. இலக்கிய வகை என்று நான் சொல்வதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் கட்டுக்கோப்பு, மரபு, ரசிகர் கூட்டம் எல்லாம் அதற்கு இருக்கின்றன. சிறுகதைக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. பேசுகிறவர் முதலில் தம்முடைய ஏழ்மையைச் சொல்வார். பிறகு ஓர் அவமானம். பிறகு ஒரு வைராக்கியம். கடைசியில் காரும் பதவியும். ‘நான் வந்துவிட்டேன், நீங்களும் வரலாம்’ என்றதும் கைதட்டல். பேசுகிறவர் வக்கீலாகவும் பெண்ணாகவும் இருந்துவிட்டால் எடுப்பு இன்னும் அதிகம். சுசீந்திரத்தில் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் இப்படிச் சில பேச்சுக்களைக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள். வீடு திரும்பும்போது தெப்பக்குளம் வரைக்கும் அந்தச் சூடு உடம்பில் இருக்கிறது. அதற்கப்புறம் இருப்பதில்லை.

ஏன் இருப்பதில்லை என்று யோசிக்க எனக்கு உதவியது, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பேச்சு. பேசியவர் அன்னா சாண்டி. இந்தப் பெயர் தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாமல் இருக்கலாம். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அப்படி இருக்கக் கூடாது. 1949 வரை நாமெல்லாம் திருவிதாங்கூர்ப் பிரஜைகள். அந்த அம்மாள் போராடியது நம் வீட்டுப் பெண்களையும் கட்டிவைத்திருந்த சட்டங்களோடுதான்.

1905-ல் பிறந்தவர். திருவிதாங்கூரில் சட்டப் பட்டம் வாங்கிய முதல் பெண். 1929-ல் வக்கீல் தொழிலுக்கு வந்தார். ‘ஸ்ரீமதி’ என்று ஒரு பெண்கள் பத்திரிகை நடத்தினார். 1931-ல் ஸ்ரீமூலம் சபைத் தேர்தலில் நின்றபோது எதிராளிகளும் சில பத்திரிகைகளும் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அந்தத் தடவை தோற்றார். அடுத்த வருஷமே சபைக்குள் போய் உட்கார்ந்தார். 1937-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப்பாக நியமித்தார். இந்தியாவிலேயே பெண் ஒருத்தி நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. 1948-ல் ஜில்லா ஜட்ஜ். 1959 பிப்ரவரியில் கேரள ஹைகோர்ட் நீதிபதி. 1967 வரை அந்தப் பதவியில் இருந்தார். இங்கிலாந்தில் எலிசபெத் லேன் ஹைகோர்ட் நீதிபதியானது 1965-ல்தான். வெள்ளைக்காரனுடைய கோர்ட்டே நம்மைவிட ஆறு வருஷம் பின்தங்கிவிட்டது!

இந்தப் பட்டியலை ஒரு தன்னம்பிக்கைப் பிரசங்கியிடம் கொடுத்தால் இரண்டு மணி நேரம் பேசுவார். அன்னா சாண்டி பேசிய பேச்சில் இது எதுவுமே இல்லை. எல்லாம் பின்னால் நடந்தது என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல.

1920-களின் கடைசியில் பெண்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் கொடுக்கலாமா என்று திருவிதாங்கூரில் பெரிய தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டத்தில், கல்யாணமான பெண்களுக்கு உத்தியோகம் கூடாது என்று டி.கே. வேலுப்பிள்ளை பேசினார். சாதாரண ஆள் இல்லை. பிற்பாடு 1940-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலை நான்கு பாகமாக எழுதிய பண்டிதர். அன்னா சாண்டிக்கு அப்போது வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை. அவர் மேடையேறிப் பதில் சொன்னார். ஜே. தேவிகா மலையாளப் பெண்களின் பழைய எழுத்துக்களை ஆங்கிலத்தில் தொகுத்து 2005-ல் வெளியிட்ட நூலில் அந்தப் பேச்சு இருக்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆனாலும் இரண்டு இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தப் பேச்சின் உருவத்தைத்தான் கவனிக்க வேண்டும். வேலுப்பிள்ளையின் பிரசங்கத்தை அவர் ஒரு பிராதாக எடுத்துக்கொள்கிறார். பிள்ளை வாதி, பெண்குலம் பிரதிவாதி, தாம் பிரதிவாதித் தரப்பு வக்கீல். வாதியின் கோரிக்கை என்ன, அதற்கு ஆதாரமாக என்னென்ன சொல்கிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில். கேலி இருக்கிறது, கோர்ட்டில் வயசான வக்கீல்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு செய்கிற வகையான கேலி. கண்ணீர் இல்லை. தாம் பட்ட கஷ்டம் இல்லை. ‘என்னைப் பாருங்கள்’ இல்லை. இது ஒரு பெரிய இலக்கியச் சாதுரியம் என்பது என் அபிப்பிராயம். ஒரு பெண் தன் கதையைச் சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்றோ ‘பலே’ என்றோ சொல்லிவிட்டுப் போய்விடலாம். வாதத்தை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய பிரசங்கத்தில் எதிர்க்கட்சிக்காரர் என்று யாருமே கிடையாது. யாரும் உத்தியோகத்தைத் தடுக்கவில்லை, எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை, மாமியார் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பெண் ஏன் முன்னேறவில்லை? அவளுடைய சோம்பல், அவளுடைய பயம், அவளுடைய தாழ்வு மனப்பான்மை. இப்படியாகக் கேட்க வந்தவளே பிரதிவாதிக் கூண்டில் நின்றுவிடுகிறாள். கைதட்டுகிற அவசரத்தில் அவளுக்கு அது தெரிவதில்லை. சட்டம் படித்துப் பட்டமும் வாங்கி, கல்யாணத்துக்கப்புறம் கறுப்பு அங்கியைப் பீரோவில் மடித்து வைத்துவிட்ட பெண்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்களுடைய மனோதைரியத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

பெண்ணின் வாயிலாக வழக்காடுவது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதுமல்ல. அடுத்த ஊர் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். மருமக்கள் வழி முறையால் மனைவியும் மக்களும் பட்ட பாட்டை மனைவி ஒருத்தியே சொல்வதாக அமைத்த நூல் அது. நாட்டையே சிரிக்க வைத்தார். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் 1926-ல் வந்தது. கவிதைதான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொள்ள எழுத்தாளனுக்கு ஆசையாகத்தான் இருக்கும், அது மிகை. ஆனால் சட்டத்துக்கு வேண்டிய மனசைத் தயார் செய்ததில் அந்தச் சிரிப்புக்குப் பங்கு உண்டு. ஒரு வித்தியாசம்: அங்கே பெண் பேசினாள், எழுதியது ஆண். மூன்று வருஷம் கழித்துத் திருவனந்தபுரத்தில் பேசியதும் பெண், வாதமும் அவளுடையது.

சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கத் தவறு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க வேண்டும். கே.கே. பிள்ளை இந்தக் கோயிலைப் பற்றி 1953-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இதெல்லாம் இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது நின்றது. அந்த நியாய ஸ்தலத்தில் வாதத்துக்கு வேலையில்லை, உடம்புதான் சாட்சி. தன்னம்பிக்கைப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு ஏனோ இந்த நெய்க் கொப்பரை ஞாபகத்துக்கு வருகிறது. ‘நான் கையை விட்டேன், வெந்து போகவில்லை, பாருங்கள்’ என்று கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வெந்துபோன கைகள் மேடைக்கு வருவதில்லை. (ஊர்ப் பெயருக்குச் சொல்லும் கதையும் இங்கே சொல்லத் தகுந்தது. அகலிகை விஷயத்தில் தப்புச் செய்த இந்திரன் இங்கே வந்து சுத்தமானானாம். அவனுக்கு ஒரு ஸ்தலமே கிடைத்தது. அகலிகைக்குக் கிடைத்தது கல்.)

அன்னா சாண்டியிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தம் கட்சிக்குச் சங்கடமானதையும் அவர் பேசியதுதான். திருவிதாங்கூர்ச் சட்டத்தில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. இந்தச் சலுகை வேண்டாம் என்று அவர் வாதித்தார். சமத்துவம் என்றால் கயிற்றிலும் சமத்துவம். தூக்குத் தண்டனையே கூடாது என்கிற கட்சி என்னுடையது. ஆகவே இந்த முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனால் கேட்க வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து ‘உங்களுக்கு இது நஷ்டம், இருந்தாலும் இதுதான் நியாயம்’ என்று சொல்கிற நெஞ்சுரம் இன்று எந்தப் பிரசங்கியிடம் இருக்கிறது?

குறையும் சொல்ல வேண்டும். அந்தத் தர்க்கம் முழுவதும் படித்த வீட்டுப் பெண்களின் தர்க்கம். நாஞ்சில் நாட்டு வயல்களில் கல்யாணமான பெண்கள் காலங்காலமாக நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சேற்றில் இறங்கினால் குடும்ப சுகம் கெட்டுவிடுமே என்று கவலைப்பட்டு எந்தப் பண்டிதரும் கூட்டம் போடவில்லை. நாற்காலியும் மாதச் சம்பளமும் என்று வந்தபோதுதான் குடும்ப சுகம் ஞாபகம் வந்தது. இந்த ஓட்டையில் அந்த வக்கீலம்மாள் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கையை விட்டிருந்தால் வாதியின் பிராதே நின்றிருக்காது.

இப்படிப்பட்ட பேச்சு யாரை மாற்றும்? ஓர் உதாரணம் தெரியும். பத்தனம்திட்டையில் ஒரு தகப்பனார் இருந்தார். மகள் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. படிக்க ஆசைப்பட்டாள். அன்னா சாண்டியிடம் மதிப்பு வைத்திருந்த அந்தத் தகப்பனார், சட்டம் படி என்று சொன்னார். அந்த மகள்தான் பாத்திமா பீவி. 1989-ல் இந்திய சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி, 1997 முதல் 2001 வரை நம்முடைய கவர்னர். இதில் கவனிக்க வேண்டியது, மனசு மாறியவர் மகளல்ல, தகப்பனார். எங்கள் ஊர் மண்டபங்களில் பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துத் தன்னம்பிக்கை ஊட்டுகிறார்கள். அப்பாமார்கள் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, கூட்டம் முடிந்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியை வாசல் பக்கம் திருப்பி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் படித்துவிடலாம். மூல மலையாளத்திலிருந்து நேரே தமிழில் பெயர்க்க நாஞ்சில் நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கோர்ட்டுக் கேலி மட்டும் கெடாமல் வர வேண்டும்.