கழுதையின் சிறகு

தட்டாஞ்சாவடியில் என் அறைக்கு வந்த கவிநண்பர் ஒருவர், அலமாரியில் இருந்த திருக்கனூர்க் காகிதக்கூழ்க் குதிரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கைத்திறன் இருக்கிறது, கனவு இல்லை" என்றார். அதற்கு எதிராக அவர் நிறுத்தியது மெக்ஸிகோவின் பெத்ரோ லினாரெஸை. 1936இல் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த லினாரெஸ், கனவில் ஒரு காட்டில் சிறகு முளைத்த கழுதையையும், காளைக் கொம்புள்ள சேவலையும், கழுகுத் தலைச் சிங்கத்தையும் கண்டார். அவை 'அலெப்ரிஹே' என்று கூச்சலிட்டன. பிழைத்தெழுந்து அவற்றைக் காகிதத்தில் செய்தார் என்பது வழங்கிவரும் கதை. ஆகவே கனவே கலை என்பது நண்பரின் கட்சி.

எனக்கு இது ஒப்புதலில்லை. காய்ச்சலுக்கு முன்பே லினாரெஸ் காகிதத் தொழிலாளி. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வெடிவைத்துக் கொளுத்தும் யூதாஸ் உருவங்களைச் செய்தவர். யூதாஸைச் சாத்தானாகச் செய்வது அங்கே வழக்கம். கொம்பு, சிறகு, நகம், வால் எல்லாம் அவர் விரல்களில் முன்பே இருந்தன. நாணல் சட்டத்தின்மேல் பசை தோய்த்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டினால் எந்த வளைவு நிற்கும், எது சரியும் என்பதும் தெரியும். கனவு அவருக்குப் புதிதாக எதையும் தரவில்லை. இருந்ததை இடம் மாற்றியது. அதே காய்ச்சல் எனக்கு வந்திருந்தால் வங்கிக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதியிருப்பேன், அவ்வளவுதான்.

கனவும் அச்சாகிவிடக் கூடியது. ஒஹாகாவில் மனுவேல் ஹிமேனெஸ் போன்றோர் கோபால் மரத்தில் செதுக்கத் தொடங்கிய விசித்திர மிருகங்கள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்காக வரிசையாக உருவாகின்றன. திருக்கனூர்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது ஊரின் பெயரைக் காக்கும், அடுத்த பொம்மையைக் கற்பனை செய்து தராது. காகிதத்தை ஊறவைத்து அரைத்து, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, வர்ணம் பூசுகிறவனிடம் கனவு இல்லை என்று சொல்ல நாம் யார்? கேட்டு வருகிறவர்கள் கேட்பது குதிரையைத்தான்.

நம்மிடம் கலப்பு மிருகங்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் தூணில் யாளி நிற்கிறது. சூரசம்ஹாரத்தில் ஒரே உடலுக்கு யானைத் தலை, சிங்கத் தலை, சூரன் தலை என்று மாற்றுகிறோம். யூதாஸைப் போலவே சூரனும் அழிவதற்கென்றே ஆண்டுதோறும் வருகிறவன். அழியப் போவதைச் செய்யும் கைக்கு ஒரு சுதந்திரம் உண்டு. லினாரெஸ் அந்தச் சுதந்திரத்தை, வைத்துப் பார்க்கும் பொருளுக்குக் கொண்டுவந்தார். நாம் அதைத் திருவிழாவோடு விட்டுவிட்டோம்.

இதை இங்கே எழுதக் காரணம் பொம்மைகள் மட்டுமல்ல. லத்தீன் அமெரிக்க எழுத்தை மொழிபெயர்ப்பில் படித்த வேகத்தில் நம் கவிதைகளிலும் கழுதைகளுக்குச் சிறகு முளைத்தது. நானும் அப்படி ஒன்று எழுதினேன். நண்பர் இன்னமும் அதைப் பாராட்டுகிறார். சென்ற வாரம் எடுத்துப் படித்தேன். சிறகு இருக்கிறது, அதைத் தாங்கும் முதுகெலும்பு இல்லை. அந்தக் கழுதையை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது.

தொகுப்பிலிருந்து அதை எடுத்துவிட்டேன். குதிரை அலமாரியிலேயே இருக்கிறது.