சுரமும் சோலையும் கழுமரமும்

அகப்பொருள் இலக்கியத்தின் உடன்போக்குப் பற்றி எழுதியோருள் ஒருசாரார் அதனைக் காதலின் துணிவுக்குச் சான்றாகப் போற்றியுள்ளனர். மற்றொரு சாரார் அச்செய்யுள்களில் வரும் மரம், பறவை, விலங்கு ஆகியவற்றைத் திரட்டி, 'இயற்கை வருணனை' என்னுந் தலைப்பின்கீழ் அடக்கி அமைந்துவிட்டனர். ஊரை விட்டு ஓடும் இருவர் எவ்விடம் நோக்கிச் சென்றனர், அவ்விடத்தை அவர்க்கு வகுத்தது யாது என்னும் வினாவுக்கு உரிய கவனம் கிட்டவில்லை.

இன்று அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மேனாடுகளில், சுற்றத்தாரைத் தவிர்த்து மலைமுகட்டிலோ பனிவெளியிலோ ஒரு புகைப்படக்காரர் துணையுடன் நிகழும் சிறு திருமணத்துக்கே பழைய 'ஓடிப்போதல்' என்ற சொல் வழங்கலாயிற்று. அதற்கென அழகிய இடந் தேடிக் கொடுப்பது ஒரு தொழிலாகவும் வளர்ந்துள்ளது. வடமராட்சியிலும் மணற்காட்டின் மணற்குன்றுகளும், அங்கு மணலுள் மூழ்கிய பழைய அந்தோனியார் ஆலயத்தின் சுவர்களும் மணமக்கள் படமெடுக்கும் இடங்களாகியுள்ளன. அவ்வாறு படமெடுப்போருட் பலர் இரு வீட்டாரும் நாள்பார்த்து நடத்திய மணத்தின் மக்கள் என்பது வேறு விடயம். அழகிய இடத்தைக் காதலர் தாமே தேர்ந்தனர் என்ற கருத்து, பழைய செய்யுள்களைப் படிக்கும் முறையையும் மாற்றிவிடக்கூடும் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இதனை ஆராய நெல்லியடியும் அதன் அயலும் பொருத்தமான களமாகும். திணைக் கோட்பாட்டைச் சமூக வளர்ச்சியோடு இணைத்து விளக்கி 1974 இல் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த கரவெட்டி நெல்லியடிக்கு அடுத்த ஊர். கோயில்தோறும் கந்தபுராண படனம் நிகழ்ந்த நிலம் இது. அம்மன் கோயில் முன்றில்களிலே காத்தவராயன் கூத்து விடியும்வரை ஆடப்பெற்ற நிலமும் இதுவே. சங்கச் செய்யுள், புராணம், கூத்து என்னும் மூன்றும் உடன்போக்கைப் பாடுகின்றன. மூன்றிலும் இடம் வேறாகின்றது. அவ்வேறுபாட்டுக்குக் காரணம் இயற்கையழகன்று. யார் யாருடன் போகின்றனர் என்பதே காரணம்.

முதலிற் பாலையை நோக்கலாம். தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. நண்பகலையும் வேனிலையும் அதற்குரிய பொழுதுகளாகக் கொண்டது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை என்பது நிலத்துக்கு ஒரு காலத்தில் நேரும் நிலை. நெல்லியடி மாணவர்க்கு இதனை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெரு வல்லை வெளியைக் கடக்கின்றது. மாரியில் நீரும் பறவையுமாகக் கிடக்கும் அவ்வெளி, வைகாசி நண்பகலில் ஒதுங்க நிழலற்ற சுரமாகின்றது. வடமராட்சியை விட்டு மேற்கே செல்ல நினைக்கும் எவரும், ஓடிப்போவோர் உட்பட, அவ்வெளியில் ஒரு காற்றையேனும் எதிர்கொள்ளாமற் போதல் அரிது.

பிரிவுக்குரிய பாலையில், இருவர் கூடிச்செல்லும் உடன்போக்கு வைக்கப்பட்டமை முரணாகத் தோன்றலாம். ஆயின் மகள் தாயைப் பிரிகின்றாள். ஊரையும் ஆயத்தையும் பிரிகின்றாள். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியை இயற்றிய ஓதலாந்தையார், தம் நூறு செய்யுளில் ஒரு பத்தைப் போன மகளுக்கு இரங்கும் தாய்க்கும், ஒரு பத்தை இடைச்சுரத்து உரைகளுக்கும், ஒரு பத்தை மீண்டு வருதலுக்கும் ஒதுக்கினார். போதல் மட்டும் அவருக்குப் போதவில்லை. வீட்டில் எஞ்சியவளும் மீளும் வழியும் சேர்ந்தாலன்றி உடன்போக்கு நிறைவுறாது என அவர் கருதினார் போலும்.

இச்செய்யுள்களில் அழகு எங்கே வருகின்றது என்பதை நுணுகி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நற்றிணையின் 9 ஆம் பாட்டில், பாலை பாடிய பெருங்கடுங்கோவின் தலைவன், நிழலைக் கண்டவிடமெல்லாம் நீடித்துத் தங்குமாறும் மணலைக் கண்டவிடமெல்லாம் சிறுவீடு கட்டி விளையாடுமாறும் தலைவிக்குக் கூறுகின்றான். தாம் செல்லும் வழியில் ஊர்கள் அடுத்தடுத்துள்ளன என்றும் உறுதியளிக்கின்றான். இதனை வழியின் வருணனையாகக் கொள்வது பொருந்தாது. நடந்து களைத்தவளின் அச்சத்தை மாற்றும் பேச்சு இது. நிழல் எங்கும் இருந்தால் அதனைக் கண்டபோதெல்லாம் தங்கச் சொல்ல வேண்டியதில்லை. குறுந்தொகை 378 இல் கயமனார் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். அங்கே வழியை அழகுபடுத்துபவள் செவிலி. வெயில் புகாத நிழலும், மணல் பரந்த சிறுநெறியும், குளிர்ந்த மழையும் தன் மகள் போன வழியில் அமையவேண்டும் என அவள் வேண்டுகின்றாள். உடன்போக்குக்கு ஏற்ற எழிலிடத்தை முழுமையாகக் கற்பனை செய்பவள், அதனைத் தடுக்கும் நிலையிலிருந்த வீட்டில் அழுது நிற்கும் முதியவளே! 'இயற்கை வருணனை' எனத் தலைப்பிட்டுக் கடந்துபோவோர் இழப்பது இதனையே.

குறுந்தொகை 7 இல் வழியில் எதிர்ப்பட்டோர் அவ்விருவரின் கால்களை நோக்குகின்றனர். அவன் காலிற் கழல் உள்ளது. அவள் காலிற் சிலம்பு இன்னும் கழற்றப்படாதுள்ளது. மணம் நிகழவில்லை என்பது அதனால் விளங்கிவிடுகின்றது. வாகை நெற்றுக்கள் காற்றிற் குலுங்கும் ஒலி கழைக்கூத்தரின் பறையொலி போலக் கேட்கின்றது. கயிற்றின்மேல் நடப்போரை நினைவூட்டும் அவ்வொலி, கீழே நடப்போரின் நிலையையும் உணர்த்திவிடுகின்றது. சிலம்பு பற்றிய கவலை ஐங்குறுநூற்றில் தாயின் வாய்ச்சொல்லாக மீள வருகின்றது. சிலம்பு கழிக்குஞ் சடங்கு தலைவன் வீட்டில் நிகழ்ந்தாலும், மணமேனும் தம் வீட்டில் நிகழட்டும் என அவள் இரக்கின்றாள். மணம் எங்கே நிகழவேண்டும் என்பதில் இரு வீட்டாருக்கும் இடையே பேரம் உண்டு என்பதை இதனினும் மென்மையாகக் கூறல் அரிது.

தலைவியின் சொந்தக் குரல் ஐங்குறுநூறு 384 இல் ஒலிக்கின்றது. தன் ஊர் நோக்கிச் செல்லும் அந்தணரை நிறுத்தித் தோழியர்க்குச் செய்தி விடுக்கின்றாள். கண்ட மலை, கடந்த காடு பற்றி ஒரு சொல்லுமில்லை. தாய் விரும்பி வளர்த்த தன் அழகு குன்றாமலே அரிய வழியைக் கடந்துவிட்டாள் என்று சொல்லுமாறு வேண்டுகின்றாள். அச்செய்தி தோழியர்க்கானது எனினும் தாயின் செவிக்கும் எட்டும் என்பதை அறியாதவள் அல்லள்.

இடத்தைத் தீர்மானிப்பது அழகன்று என்பதற்குத் தமிழுக்கு வெளியேயும் சான்றுண்டு. இங்கிலாந்தில் 1754 இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், 21 வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் சம்மதத்தை வேண்டிற்று. ஸ்கொத்லாந்தில் அக்கட்டுப்பாடு இல்லை. எனவே எல்லையைத் தாண்டியதும் எதிர்ப்படும் கிரெட்னா கிரீன் என்னுஞ் சிற்றூர் காதலர் ஓடிச்சேரும் இடமாயிற்று. கொல்லன் பட்டடையின் முன் மணம் நிகழ்ந்தது. குதிரை வண்டி விரைந்து சேரக்கூடிய முதல் ஊர் என்பதே அதன் சிறப்பு. 1856 ஆம் ஆண்டுச் சட்டம், மணப்போருள் ஒருவரேனும் 21 நாள் ஸ்கொத்லாந்தில் வதிந்திருக்க வேண்டுமென விதித்ததும் அவ்வோட்டம் தளர்ந்தது. சட்டம் வகுத்த இடத்துக்கு அழகு பின்னரே ஏற்றப்பட்டது. இன்று அவ்வூர் உற்றார் புடைசூழச் சென்று மணக்கும் உல்லாசத் தலமாகியிருப்பது வரலாற்றின் குறும்பு. இலங்கையிலும் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பொதுச் சட்டப்படி மணத்துக்குரிய வயது இரு பாலார்க்கும் 18. இன்று நெல்லியடியில் பேருந்தேறும் காதலர்க்குச் சுரத்தின் முடிவில் நிற்பது சோலையன்று, பதிவாளரின் மேசை.

இனிச் சோலைக்கு வரலாம். யாழ்ப்பாணச் சைவ வாழ்வில் அதிகம் வாசிக்கப்பட்ட உடன்போக்கு வள்ளியினுடையது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் முருகன் நள்ளிரவில் வேடர் குடியிலிருந்து வள்ளியை அழைத்துச்சென்று ஒரு சோலையிற் தங்குகின்றான். தேடிவந்த நம்பியும் வேடரும் அம்பெய்து வீழ்கின்றனர், பின்னர் உயிர்ப்பிக்கப்படுகின்றனர், ஊர் திரும்பி மணமும் நடந்தேறுகின்றது. மகள் ஓடிப்போனால் வீட்டுக் கதவைச் சாத்தும் பெரியோர், இக்கதையைக் கோயில் மண்டபத்திலிருந்து பயன் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தமையில் அவர்க்கு முரண் தோன்றவில்லை. தெய்வத்தின் செயல் என்பது ஒரு விடை. ஆயின் அது மட்டுமே விடையாகாது. இங்கே மேலுள்ளவன் கீழுள்ளவளை அழைத்துச் செல்கின்றான். அத்தகைய உடன்போக்குக்குச் சோலை வாய்க்கின்றது, துரத்தியோர் மன்னிக்கப்படுகின்றனர், நின்ற இடமெல்லாம் தலமாகின்றது.

காத்தவராயன் கதை இதனைத் தலைகீழாக்குகின்றது. தமிழகக் கதைப்பாடலிலே காத்தான் ஒடுக்கப்பட்ட குடியில் வளர்ந்தவன். ஆரியமாலை அந்தணர் மகள். பேராசிரியர் நா. வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, காத்தானுக்குக் கற்பிக்கப்பட்ட தெய்வப்பிறப்புக்குப் பின்னே மறைந்து நிற்கும் சாதி முரணை வெளிக்கொணர்ந்தார். ஈழத்துக் கூத்திலே அவன் முத்துமாரியின் மைந்தன்; தாயே அவன் விருப்பத்துக்குத் தடையாகச் சோதனைகளை அடுக்குகின்றாள். வடிவம் எதுவாயினும் கழுமரம் இல்லாத காத்தான் கதை இல்லை. இதனை உடன்போக்கு எனலாமா, சிறையெடுப்பு எனவேண்டுமா என்ற வழக்கும் உண்டு. 'சிறையெடுத்தல்' என்பது பெண்ணை இழந்த தரப்பார் இட்ட பெயர். இரு குடியும் ஒப்பாயின் அதே செயலுக்குப் புலவர் வேறு பெயர் கொடுத்திருப்பர். எனினும் மாறுவேடமும் சூழ்ச்சியுங் கொண்டு காத்தான் அவளை நெருங்குவதை மறைத்து, அவனை வெறும் புரட்சி வீரனாக்குவதும் நேர்மையான திறனாய்வாகாது. 1958 இல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்து வெளிவந்த 'காத்தவராயன்' திரைப்படம் அவ்விடர்ப்பாட்டை நட்சத்திரங்களின் கவர்ச்சியாற் கடந்துவிட்டது. முன்றிற் கூத்துக்கு அவ்வசதி இல்லை.

காத்தானுக்குப் பாலை ஏன் இல்லை என்பதே கூத்தைப் பார்ப்போர் எழுப்பவேண்டிய வினா. சங்கத் தலைவனுக்குச் சுரத்தின் மறுபுறத்தே ஓர் ஊர் உண்டு; அங்கே அவன் வீடு உண்டு; சிலம்பு கழிக்கத் தாயும் உண்டு. அகப்பாட்டு ஒத்தார் இருவரையே பாடுவதால், வழியின் கொடுமை இருவர்க்கும் பொதுவாகின்றது. அதனைக் கடந்துவிட்டால் தீர்வு கிட்டும். காத்தான் எத்தனை வெளி கடந்தாலும் அவன் குலம் அவனுடன் வரும். வல்லை வெளிக்கு அப்பாலும் அதே ஊர்தான், அதே வேலிதான். ஆகவே அவன் கதையில் வழி நீளவில்லை. நிலத்தில் நாட்டிய ஒரு மரமாக மேல்நோக்கி எழுகின்றது. திணைகளின் பொருளாதார அடித்தளத்தை அவ்வளவு தெளிவாகக் காட்டிய சிவத்தம்பியின் ஆய்வைக் கற்போர், பாலையைக் கடக்கும் உரிமை எவர்க்கு இருந்தது என்ற வினாவையும் அதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

கூத்தின் அரங்கமைப்பும் இதற்கு இயைந்ததே. சோலையோ குளக்கரையோ திரையில் தீட்டவேண்டிய தேவை இல்லை. சிந்து மெட்டும் துள்ளுநடையும் இடத்தை மாற்றிக்கொண்டே செல்ல, கழுமரம் ஒன்றே மெய்யான பொருளாக நிற்கின்றது. ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராக வெவ்வேறு நடிகர் காத்தானாக வருவர், மரம் மாறுவதில்லை. நேர்த்திக்காக இக்கூத்தை ஆடுவித்த ஊர்களில், மேடையிற் காத்தானுக்கு இரங்கியோர் தம் வீட்டில் அவ்வாறு இரங்கியிருப்பரோ என்பது ஐயமே. அவ்விரக்கம் பொய்யன்று, விடியும்போது அது முடிந்துவிடும்.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதனைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை மேடையேற்ற முனைந்த அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்து வடிவத்தையே தெரிந்தெடுத்தனர். நெல்லியடியைச் சேர்ந்த இளைய பத்மநாதன் அம்முயற்சியில் முன்னின்றவர். மக்களுக்குப் பழகிய மெட்டு என்பது அத்தேர்வுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். மெட்டு மட்டுமே காரணமாயின் வேறு கூத்துக்களும் இருந்தன. தடுக்கப்பட்ட வாசலைக் கடக்க முனைந்தவனின் கதையை விடிய விடியப் பாடிய மெட்டு அது. முன்னைய கூத்தில் ஒருவன் ஒருத்தியை வெளியே அழைத்துச் செல்ல முயன்றான். பின்னையதில் பலர் ஒருங்கே உள்ளே செல்ல முயன்றனர். கழுமரம் நின்றிருந்த இடத்தில் கோயிற் கதவு நின்றது.