கை சுத்தம், வாய்?

‘கலக இசைன்னா இதுதான், கேளுங்க’ என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் எனக்குப் பிக் பிளாக் குழுவைப் போட்டுக் காட்டினார். தகரத்தைத் தகரத்தால் சுரண்டுகிற மாதிரி கித்தார். அடியில் ஒரு மெஷின் ஈவிரக்கமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பிடிச்சிருந்தது. பிறகு அவர்கள் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதற்கப்புறம்தான் ‘கலகம்’ என்ற சொல் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

சிகாகோவை ஒட்டிய பல்கலைக்கழகம் ஒன்றில் இதழியல் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் அல்பினி என்ற வெள்ளைக்கார இளைஞர் 1981இல் தனியாளாகத் தொடங்கிய குழு இது. டிரம் அடிக்க ஆள் இல்லை. ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-606 மெஷின்தான். தட்டு உறையில் அதற்கும் ‘ரோலண்ட்’ என்று ஓர் ஆளாகவே பேர் போட்டார்கள். பிறகு சாண்டியாகோ துராங்கோவும் ஜெஃப் பெஸ்ஸாட்டியும் சேர்ந்தார்கள். பெஸ்ஸாட்டி போய் டேவ் ரைலி வந்தார். 1986இல் ‘அட்டமைசர்’. அதிலுள்ள ‘கெரசின்’ பாட்டு, செய்ய ஒண்ணுமில்லாத சின்ன ஊரில் பிறந்தவனின் சலிப்பையும் நெருப்பையும் சொல்வது. அங்கே வார்த்தை வேலை செய்யவில்லை, சத்தம்தான் செய்கிறது. 1987இல் வசவுச் சொல்லையே தலைப்பில் வைத்துக் கடைசித் தொகுப்பு. துராங்கோ சட்டம் படிக்கப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேர் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டில் கலைத்துவிட்டார்கள்.

கணக்கு விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. மேனேஜர் கிடையாது. கச்சேரிகளைத் தாங்களே பேசி ஏற்பாடு செய்துகொண்டார்கள். டச் அண்ட் கோ நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தமே இல்லை, வாய்ப்பேச்சுதான். செலவு போக லாபத்தில் பாதிப் பாதி. 1993இல் அல்பினி ஒரு கட்டுரையில் பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் போட்டார். இரண்டரை லட்சம் தட்டு விற்கிற ஒரு குழுவை உதாரணமாக வைத்தால், கம்பெனிக்கு 7,10,000 டாலர். வாசிப்பவன் ஒவ்வொருத்தனுக்கும் சுமார் 4,031 டாலர். அதே ஆண்டு நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டரோ’வைப் பதிவு செய்து கொடுத்தபோது விற்பனையில் பங்கு வேண்டாமென்றார். குழாய் மாட்டுகிற பிளம்பர் மாதிரி வேலைக்குக் கூலி போதும் என்றார். உழைப்பைத் திருடாதே என்பதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர்கள் குறைவு.

கை சுத்தம். வாய்?

அந்த ஆண்டுகளில் சிறுபத்திரிகைகளில் இந்த மனுசன் எழுதியதைப் பாருங்கள். கறுப்பர்களை, பெண்களை, ஓரினச் சேர்க்கையாளர்களை இழிக்கிற சொற்களை அள்ளி இறைத்திருக்கிறார். பிக் பிளாக் கலைந்ததும் தொடங்கிய குழுவுக்கு ஒரு ஜப்பானியப் படக்கதையிலிருந்து ‘ரேப்மேன்’ என்று பேர் வைத்தார். பெண்கள் கச்சேரி வாசலில் எதிர்த்து நின்றார்கள். ரசிகர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: ‘அது கேலி. அவர் நிலைப்பாடு நமக்குத் தெரியும்.’ நமக்குத் தெரியும் என்கிறார்களே, அந்த ‘நாம்’ யார்? சாதிப் பேரை வசவாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தச் சொல் கேலியாக வந்தாலும் முதுகில்தான் விழுகிறது.

இன்னொன்று சொல்கிறேன். அதே 80களில், அதே சிகாகோவில், கறுப்பின இளைஞர்கள், அவர்களிலும் ஓரினச் சேர்க்கையாளர்கள் பலர், ரோலண்ட் மெஷின்களை வைத்தே ஹவுஸ் இசையைப் படைத்தார்கள். டிஆர்-606க்கு ஜோடியாக அதே 1981இல் வந்த டிபி-303 மெஷினை முறுக்கி, ஃபியூச்சர் குழு 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ போட்டது. ஜோடி மெஷின்கள், ஒரே ஊர், ஒரே வருசம். கிளப்பில் ஆடக் கிடைத்த அந்த இசையை ‘கலகம்’ என்று என் நண்பர் போட்டுக் காட்டவில்லை. ஹவுஸ் முன்னோடிகளான லாரி ஹேர்டும் ராபர்ட் ஓவன்ஸும் பாக்கிப் பணத்துக்காக டிராக்ஸ் நிறுவனத்தின் மேல் 2020இல் வழக்குப் போட வேண்டி வந்தது, 2022இல்தான் சமரசம். வாய்ப்பேச்சை நம்பிக் கை குலுக்குகிற வசதிகூட எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை.

அல்பினி 2021இல் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். அறியாமையிலும் சலுகை பெற்ற இடத்திலிருந்தும் தான் பேசியவை, செய்தவை பல மோசமானவை, அதற்கு வருந்துகிறேன் என்றார். சாக்குச் சொல்லவில்லை. 2024 மே மாதம் 61 வயதில் இறந்துபோனார். அவரே தள்ளிவிட்டதை இன்னமும் கலகம் என்று தூக்கிச் சுமக்கிற ரசிகர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

நம் எழுத்திலும் வசவு வருகிறது. அதை வைத்து ‘நீங்களும்தானே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் எழுத்தில் அது வாங்கினவன் வாயிலிருந்து வருகிறது, யார் சொன்னது, எங்கே வைத்துச் சொன்னது என்ற சாட்சியோடு வருகிறது. அல்பினியிடம் அது சும்மா வந்தது. ஆனால் நம் ஆண்களே, பெண்ணை இழிக்கிற சொல்லை நாம் எழுதும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிக் பிளாக்கை இப்பவும் கேட்கிறேன். அந்தக் கணக்கு நோட்டை நம் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் ஒருதரம் புரட்டிப் பார்க்கலாம்.