விலையில்லா மென்பொருளை யார் நிறுவுவது?

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குள் லினக்ஸ் சர்வர் அமைப்பதை அன்றாட வேலையாகச் செய்பவர்கள் ஏராளம். அதே பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் என்று தெற்கே போனால், ஒரு சிறிய கல்லூரி நூலகருக்கு அந்த வேலை மலைப்பாகிவிடுகிறது. திறந்த மூல வலை மென்பொருளுக்கு விலையில்லை, அதனால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவருகிறோம். ஆனால் ஒரு மென்பொருள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்பதை அதன் உரிமத்தைவிட நிறுவும் முறையே தீர்மானிக்கிறது.

கோஹாவையே பாருங்கள். நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய நூலக மேலாண்மை மென்பொருள் அது. தரத்தில் குறை சொல்ல இடமில்லை. முன்பெல்லாம் பெர்ல் மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. இப்போது டெபியன் லினக்ஸில் சில கட்டளைகளிலேயே இறங்கிவிடுகிறது. வேலை அதோடு முடிவதில்லை. டேட்டாபேஸ் தயாராக இருக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் தளப்பெயரையும் போர்ட் எண்ணையும் திருத்த வேண்டும். அப்பாச்சி வலை சர்வரில் ரீரைட், சிஜிஐ இரண்டையும் இயக்க வேண்டும். நூலகத்துக்கென ஒரு தளத்தை உருவாக்கி, எக்ஸ்எம்எல் கோப்புக்குள் கிடக்கும் கடவுச்சொல்லைத் தேடி எடுத்தால்தான் உலாவியில் அடுத்த பக்கமே திறக்கும். இவற்றில் ஒன்றுகூட நூலக அறிவியல் அல்ல. மார்க் 21 முறையில் பட்டியலிடுவதில் கைதேர்ந்த ஒருவர் அந்தக் கடவுச்சொல்லுக்காகத் திண்டாடிக் கைவிட்டால், குறை அவருடையது அல்ல.

நேர்மாறான சான்று, இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ். 2003-இல் வந்த அது, மலிவான வாடகை ஹோஸ்டிங்கில் ஏற்கெனவே இருந்த பிஹெச்பி, மைஎஸ்கியூஎல் இரண்டையும் மட்டுமே நம்பியது. ஐந்து நிமிட நிறுவலையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. இன்று உலக இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில் ஓடுகின்றன. சுலபமாக நிறுவியவர்கள் பராமரிக்காமல் விட்டு, தளங்கள் ஊடுருவலுக்கு ஆளாகின்றனவே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கவனிப்பாரின்றிக் கிடக்கும் வேர்ட்பிரஸ் தளங்கள் உண்மையான தொல்லை. ஆனால் அதற்கு மருந்து நிறுவலைக் கடினமாக்குவதா? 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே பதியும்படி செய்தார்கள். கடினமான நிறுவல் அக்கறையுள்ளவர்களை வடிகட்டித் தருவதில்லை. உதவிக்கு ஆள் உள்ளவர்களைத்தான் வடிகட்டுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது: இத்தனை சிக்கலுக்கு நடுவிலும் கோஹா இந்தியக் கல்லூரிகளில் பரவியிருக்கிறதே? பரவியது உண்மை. நூலகர்களே வழிகாட்டிகள் எழுதி, பயிலரங்குகள் நடத்தி, ஒருவருக்கொருவர் கைகொடுத்ததால் பரவியது. மென்பொருளின் குறையை மனித உழைப்பு ஈடுகட்டியிருக்கிறது. அந்த உழைப்பு கிடைக்காத இடத்தில் கோஹாவின் பரவல் நின்றுபோகிறது. பணம் கொடுத்து ஒரு நிறுவனத்திடம் விட்டுவிடலாம் என்பதும் பெரிய கல்லூரிக்குப் பொருந்தும். ஆண்டுக்கட்டணம் கட்ட முடியாத நூலகத்துக்கு அது வழியல்ல. சில சிக்கல்கள் தவிர்க்க முடியாதவை என்பதையும் மறுக்கவில்லை. லட்சக்கணக்கான பதிவுகளில் தேட, தனித் தேடல் எந்திரம் வேண்டும். ஆனாலும் மின்னணு ஆவணக் களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸ் 2021-இல் ஏழாம் பதிப்பில் முகப்பைத் தனி மென்பொருளாகப் பிரித்தபோது, ஜாவா, டேட்டாபேஸ், சோலர் தேடல் எந்திரம் ஆகியவற்றோடு நோட்.ஜேஎஸ் சூழலையும் நிறுவுபவர் தலையில் ஏற்றியது. எழுதுபவர்களுக்கு அது வசதி. சிறிய நூலகத்துக்குச் சுமை.

சிறுசேரியின் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக மென்பொருள் எழுத வேண்டாம். பழைய கணினி ஒன்றில் கோஹாவை நிறுவிப் பார்த்து, தடுக்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்து, பேக்கப் எடுக்கும் முறையையும் சேர்த்து, தமிழில் ஒரு வழிகாட்டி எழுதுங்கள். எழுதியதை ஒரு நூலகரிடம் கொடுத்து, அவரே நிறுவி முடிக்கும்வரை திருத்துங்கள்.