'ஃபேட் அவே': பொருளும் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் வினையும் இடைச்சொல்லும் இணைந்து அமையும் தொடர்வினைகளுள் 'ஃபேட் அவே' எளியதாகத் தோன்றித் தமிழாக்கத்தில் இடர் விளைப்பது. மங்கு, வாடு, மறை என்று பொருள் கூறி அமைவது வழக்கம். 'ஃபேட்' என்னும் தனிவினைக்கு இவை ஓரளவு பொருந்தும். வெயிலில் துணி வெளுத்தால் நிறமே குறைகிறது, துணி எஞ்சுகிறது. 'அவே' சேரும்போதோ குறைதல் படிப்படியாக நிகழ்ந்து இன்மையை நோக்கிச் செல்கிறது. 'ஃபேட் அவுட்' இதனின் வேறு. திரைப்படம், வானொலித் துறைகளில் வழங்கும் அது செயப்படுபொருளையும் ஏற்கும். ஒலிப்பதிவாளர் இசையை 'ஃபேட் அவுட்' செய்வார். 'ஃபேட் அவே' பொதுவாகச் செயப்படுபொருளை ஏற்பதில்லை.

'அவே' என்பதற்குப் 'போ' என்னும் துணைவினை நேர் என்று கொள்வது முழுதும் சரியன்று. 'கண்ணாடி உடைந்துபோயிற்று' என்பது நொடியில் நிகழ்வது. 'போ' முடிவைக் காட்டுமேயன்றிப் படிமுறையைக் காட்டாது. படிமுறையைக் காட்டுவது 'வா' ஆகும்: 'குறைந்து வந்தது', 'அருகி வருகிறது'. ஆங்கிலம் விலகிச் செல்வதாகக் காண்பதைத் தமிழ் வருவதாகக் காண்கிறது! எனவே 'ஓசை தேய்ந்துகொண்டே வந்து அடங்கிப்போயிற்று' என இரு துணைவினைகளையும் ஆள நேர்கிறது.

எழுவாய்க்கேற்ப வினை மாறுவதும் கருதத்தக்கது. ஒலி தேயும், புகழும் நினைவும் மங்கும், வழக்கு அருகும். மனிதர் எழுவாயாகும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. பதவி நீக்கப்பட்ட தளபதி டக்ளஸ் மக்கார்தர், 1951 ஏப்ரல் 19 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையின் முடிவில், பழைய பாசறைப் பாட்டொன்றின் அடியை நினைவுகூர்ந்தார். முதிய படைவீரர்க்குச் சாவை மறுத்து, அதனிடத்தில் இத்தொடர்வினையை நிறுத்துவது அவ்வடி. இதனை 'மறைந்துவிடுவர்' எனப் பெயர்த்தால் பொருள் தலைகீழாகிறது. தமிழில் 'மறைந்தார்' என்பது இறப்பைக் குறிக்கும் மங்கல வழக்கு. சாகமாட்டார், ஆனால் இறப்பார் என்றாகும். அகராதி தரும் சொல்லே இங்கு மொழிபெயர்ப்பாளரைக் கைவிடுகிறது. 'மங்குவர்' என்பதும் ஒவ்வாது. தமிழில் மங்குவது ஒருவரின் புகழேயன்றி அவரல்லர்.

'மெல்ல ஒதுங்கிப்போவர்' என்பது ஒளி குன்றும் சாயலை இழக்கிறது. ஆயினும் சாவுக்கும் இதற்கும் உள்ள முரணைக் காக்கிறது. 'ஒளி குன்றி ஒதுங்குவர்' எனின் அச்சாயல் மீளும். ஆனால் பாசறைப் பாட்டின் பேச்சுநடை கெடும். இவ்விடத்தில் முன்னதே ஏற்புடையது.