வீட்டில் விட்டால் போதுமா?

குற்றம் செய்த சிறுவனை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அவனைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது இது. சரியாகவே சொல்கிறது. கூர்நோக்கு இல்லத்தில் சில மாதம் இருந்தால் படிப்பு நின்றுபோகும், பழகிய கைகளின் சகவாசம் ஒட்டிக்கொள்ளும். புது செல்போன் எங்கிருந்து வந்தது என்று கேட்க வீட்டில்தான் ஆள் உண்டு.

கோளாறு, அந்தப் பொறுப்பை வீட்டார் தலையில் வைக்கும் விதத்தில் இருக்கிறது. 18ஆம் பிரிவின்படி, பெற்றோரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு மூன்றாண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் பையனை அனுப்பலாம். பெற்றோரையே அபராதம் கட்டவும் சொல்லலாம். சித்தாள் வேலைக்குப் போகிற தாய்க்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. அபராதம் என்றால் வட்டிக்குத்தான் வாங்குவாள். “உன்னாலதான்டா இந்தக் கடன்” என்ற பேச்சு தினமும் ஓடும் வீட்டில் பையன் எத்தனை நாள் தங்குவான்?

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் குடும்பப் பின்னணியை விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஒற்றை அறை வீடு, இரவு வேலைக்குப் போகும் அப்பா, பாதியில் விட்ட படிப்பு எல்லாம் அதில் ‘கண்டிக்க ஆளில்லாத குடும்பம்’ என்று ஆகிவிடலாம். வறுமையே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. அதே தவறைச் செய்த வசதியான வீட்டுப் பையனுக்கு டியூஷனும் தனி அறையுமே நற்சான்று.

நியூசிலாந்து 1989இல் வேறு வழி எடுத்தது. அரசு தங்கள் பிள்ளைகளை உறவிலிருந்து பிரிக்கிறது என்ற அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நெடுநாள் குமுறலுக்குப் பிறகு வந்த சட்டம் அது. அதன்படி, சிறுவன் தவறு செய்தால் குடும்பக் கூட்டம் ஒன்று கூடும். அதில் போலீசும் பாதிக்கப்பட்டவரும் பேசியபின் வெளியே போய்விடுவார்கள். உறவினர் மட்டும் உட்கார்ந்து, மன்னிப்பு, இழப்பீடு, படிப்பு என்று திட்டம் போடுவார்கள். குறை அங்கும் உண்டு: தொடக்க ஆண்டுகளின் ஆய்வில், பாதிக்கும் குறைவான கூட்டங்களுக்கே பாதிக்கப்பட்டோர் வந்திருந்தனர். அடிக்கிற கையே குடும்பத்தலைவர் கை என்றால் மூடிய அறையில் பையன் வாய் திறக்கமாட்டான். ஆனாலும் அங்கே குடும்பம் முடிவெடுக்கிறது. இங்கே கையெழுத்துப் போடுகிறது.

நம் சட்டத்திலும் பெற்றோருக்குப் பதிலாகத் ‘தகுதியான நபர்’ ஒருவரிடம் ஒப்படைக்க இடமிருக்கிறது. பாட்டியோ தாய்மாமனோ பொறுப்பேற்க முன்வந்தால், குழுமம் அவர்களை அழைத்துப் பேச வேண்டும். வாய்தாவுக்கு வரும் தாய்க்கு அன்றைய கூலியை அரசு தரட்டும். தினக்கூலிக் குடும்பங்கள் மேல் அந்த அபராதம் விழவே கூடாது.